எரிந்த கோபுரம் வரைபடத்தில் நிற்கிறதே!

கேள்வி: என் மகள் லண்டனில் ஒரு பழைய வரைபடம் வாங்கி வந்தாள். 1572-ஆம் ஆண்டுத் தொகுதியிலிருந்து எடுத்தது என்றார்களாம். அதில் செயின்ட் பால் தேவாலயத்தின் மேல் ஊசிக் கோபுரம் நிற்கிறது. அது 1561-லேயே எரிந்துபோனதாகப் படித்தேன். படம் போலியா? – ஒரு வாசகி

பதில்: கோபுரத்தைப் பார்த்துச் சந்தேகப்படாதீர்கள், சகோதரி. அசல் தாளிலும் அது இருக்கிறது. கொலோன் நகரப் பாதிரியார் கேயோர்க் பிரௌனும் செதுக்குக் கலைஞர் பிரான்ஸ் ஹோகன்பெர்க்கும் 1572-இல் தொடங்கிய நகரப்படத் தொகுதி அது. ஆறு பாகங்களும் முடிய 1617 ஆயிற்று. எல்லா ஊருக்கும் அவர்களே போய் வரையவில்லை, கையில் கிடைத்த பழைய படங்களைப் பார்த்தும் செதுக்கினார்கள். லண்டனுக்கு மூலமாக இருந்தது 1550-களின் படம். அதனால், 1561 ஜூன் 4 அன்று மின்னல் தாக்கி எரிந்த கோபுரம் இதில் இன்னும் எரியவில்லை. எனக்கு இந்தப் படத்தின் மேல் உள்ள பிரியமே அதனால்தான். தேம்ஸின் தென்கரையையும் பாருங்கள். இரண்டு வட்டக் கொட்டகைகள் இருக்கும். ஒன்றில் கரடி மீதும் மற்றதில் காளை மீதும் நாய்களை ஏவி வேடிக்கை பார்த்தார்கள்.

அசலா என்பதைத் தாளில்தான் தேட வேண்டும். செப்புத்தகட்டில் கோடுகளைக் குடைந்து, மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து உருளையில் அழுத்துவார்கள். தகட்டின் விளிம்பு படத்தைச் சுற்றிலும் தாளில் பள்ளமாகப் பதிந்திருக்கும். பூதக்கண்ணாடியில் கோடு கறுப்பாக, சற்றே மேடாகத் தெரியும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் இக்காலத்து அச்சு. நடுவில் மடிப்பும் பின்பக்கத்தில் அச்செழுத்தும் இருந்தால் நல்ல அறிகுறி; புத்தகத்திலிருந்து பிரித்த தாளில் இவை இருக்கும்.

சட்டம் போடக் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். என்னிடமிருந்த ஒரு பழைய செப்புத்தகட்டுப் படத்தைக் கடைக்காரர் சட்டத்தில் அடங்குவதற்காக நான்கு பக்கமும் வெட்டிவிட்டார். அந்த விளிம்புப் பள்ளம் துண்டுத்தாளோடு குப்பைக்குப் போயிற்று. இன்றும் மனம் ஆறவில்லை. லேமினேட் செய்யவே வேண்டாம், வெயில் விழும் சுவரும் வேண்டாம்.

பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். எழுத்து லத்தீனா, ஜெர்மனா, பிரெஞ்சா என்று தெரிந்தால் எந்தப் பதிப்பு என்று தேடத் தொடங்கலாம்.