வரிசையில் நிற்கும் பெண்கள்

அன்புள்ள அக்கா,

அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். சென்ற வருடம் பெண்கள் கால்பந்து அணி ஆரம்பித்தோம். 18 பேர். மாலை 4.30 முதல் 5.45 வரை பயிற்சி. மைதானத்தைச் சுற்றி ஓட்டம், அப்புறம் வரிசையில் நின்று ஒவ்வொருவராக கோல் அடிப்பது. பையன்கள் சொன்னதைச் செய்கிறார்கள். பெண்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், திட்டினால் அழுகிறார்கள், 'அந்த மூன்று நாட்கள்' வருவதே இல்லை. குறுவட்டப் போட்டியில் ஐந்து கோல் வாங்கித் தோற்றோம். மணிப்பூர் பெண்களைப் போல நம் பெண்களுக்கு இது ரத்தத்தில் இல்லையோ? ஒருவர் புது ஜெர்சிக்குப் பணம் தருகிறார். நல்ல பயிற்சி அட்டவணை ஒன்று சொல்லுங்கள். நீங்களும் பள்ளியில் ஆடியவர் என்று படித்திருக்கிறேன்.

ப., விழுப்புரம் மாவட்டம்

அன்புள்ள தம்பி,

ரத்தத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2018இல் கட்டாக்கில் நடந்த சீனியர் தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள் 2-1 என்று தோற்கடித்தது அதே மணிப்பூரைத்தான். 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும் கோப்பை. இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் உங்கள் பக்கத்துக் கடலூர்க்காரர். ஒரு பி.டி. மாஸ்டருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறதே!

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த வரிசைதான். எங்கள் தெருமுனை மைதானத்திலும் மாலையில் இதையேதான் பார்க்கிறேன். ஒருத்தி உதைக்கிறாள், பந்து வேலி வரை ஓடுகிறது, அவளே போய் எடுத்து வருகிறாள், மற்றவர்கள் ரேஷன் கடையில் நிற்பதைப் போல நிற்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு உதைக்கு 20 விநாடி என்றால் 18 பேருக்கு 6 நிமிடம். அரை மணி நேரத்தில் ஒரு பெண்ணின் காலுக்குப் பந்து வருவது ஐந்தே முறை. மீதி நேரம் அவள் பேசாமல் என்ன செய்வாள், தம்பி? நானாக இருந்தாலும் பேசுவேன்.

நான் ஆடியது எறிபந்து. ஆடினேன் என்பதைவிட பொறுக்கினேன் என்பதே சரி. எங்கள் சாருக்குப் பிடித்த ஆறேழு பேர் கோர்ட்டுக்குள்ளே. நாங்கள் கோட்டுக்கு வெளியே நின்று, வரும் பந்தை எடுத்துத் தர வேண்டும். சத்தம் போடாமல் நின்றதற்கு எங்களைப் பாராட்டுவார். இப்போது நினைத்தாலும் அந்தப் பாராட்டு எரிச்சலாக இருக்கிறது. ஒதுங்கி நிற்பதை எங்களுக்கு வீட்டிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அதற்கு ஒரு மாஸ்டர் தேவையில்லை.

வரிசையைக் கலையுங்கள். 18 பேர் என்பது எவ்வளவு வசதியான எண்! மைதானத்தை மூன்றாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றிலும் மூன்றுக்கு மூன்று. கோல்கீப்பர் வேண்டாம், இரண்டு செருப்பை வைத்தால் கோல் தயார். நாலு நிமிட ஆட்டம், ஒரு நிமிட ஓய்வு, ஆள் மாற்றம். மூன்று பேர் அணியில் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. வாய் திறக்காத பெண்ணும் 'இங்க தா' என்று கத்தித்தான் ஆக வேண்டும். நீங்கள் குறை சொன்ன அதே பேச்சு அங்கே ஆட்டத்துக்கு உதவும். நடுவில் எதையாவது திருத்த வேண்டுமா? ஆட்டத்தை நிறுத்தி ஒரே ஒரு விஷயம், அரை நிமிடம். உங்கள் பழைய ஆட்டக் கதைகளைப் பேருந்தில் சொல்லிக்கொள்ளலாம். கோல் அடிக்கக் கற்றுத்தர வேண்டாமா என்று கேட்பீர்கள். யாரும் குறுக்கே வராமல், நின்ற பந்தை, நிதானமாக உதைக்கும் வாய்ப்பு மேட்ச்சில் பெனால்டியைத் தவிர எப்போது வருகிறது?

மைதானத்தைச் சுற்றும் ஓட்டமும் வேண்டாம். ஃபிஃபாவின் '11+' என்ற வார்ம்-அப் இருக்கிறது, 20 நிமிடம், செலவில்லை. ஓட்டம், வயிறு-தொடைக்கு வலு, குதித்து இறங்கும் பயிற்சி எல்லாம் அதிலேயே உண்டு. கால்பந்தில் முழங்காலின் ஏசிஎல் தசைநார் அறுவது பையன்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். குதித்து இறங்கும்போது முட்டி இரண்டும் உள்பக்கம் மடங்குகிறதா என்று பாருங்கள். உங்கள் கண் இருக்க வேண்டிய இடம் அது.

'அந்த மூன்று நாட்கள்' என்று மேற்கோள் குறிக்குள் ஒளிக்க வேண்டாம், மாதவிடாய் என்றே எழுதுங்கள். ஆட முடிகிறவள் ஆடுவாள், முடியாதவள் உட்காரட்டும். ஆனால் ஒன்று, நாலரை மணிக்குப் பிறகு கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது? வாட்ச்மேன் பூட்டிக்கொண்டு போய்விட்டால் அவள் வரமாட்டாள். வருகிறவர்களும் தண்ணீர் குடிக்காமல் ஓடுவார்கள். சீக்கிரம் மூச்சு வாங்குகிறவளைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறார்களா, ஜன்னல் வழியாக எறிகிறார்களா என்று விசாரியுங்கள்.

அழுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அழட்டும். அழுதுகொண்டே ஓடவும் அவர்களுக்குத் தெரியும். ஐந்து கோல் வாங்கியதும் பெரிய விஷயமில்லை, ஒரு வருட அணி வேறென்ன செய்யும்? அட்டவணை என்னிடம் இல்லை.

மூன்று ஆட்டத்துக்குக் குறைந்தது மூன்று பந்து வேண்டும். இவ்வளவு நீளக் கடிதத்தில் எத்தனை பந்து இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. ஒன்றுதான் என்றால் ஜெர்சி அடுத்த வருடம் வரட்டும். பணம் தருகிறவரிடம் நாளைக்கே போய்ப் பேசுங்கள். பழைய யூனிஃபார்ம் பேண்ட்டோடு ஆடலாம், பந்து இல்லாமல் முடியாது.

அன்புடன்,
அக்கா