வாசகர் கேள்வி: தொழில்நுட்பக் கொள்கை ஆய்வில் இன்டர்ன்ஷிப்

கேள்வி: சட்டம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பெங்களூரு, டெல்லியில் உள்ள கொள்கை ஆய்வு நிறுவனங்களுக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதினேன், பதிலே இல்லை. மாதிரிக் கட்டுரையாக 'தனியுரிமையும் இந்தியச் சட்டமும்' என்று கல்லூரியில் எழுதியதை இணைத்திருந்தேன். எங்கே இடறுகிறது?
- மாணவி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: தலைப்பிலேயே இடறுகிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 2017 புட்டசாமி தீர்ப்பில் தொடங்கி ஊரையெல்லாம் சுற்றி வரும் கட்டுரை பாதி விண்ணப்பங்களில் இருக்கும். ஒரே ஒரு சட்டப்பிரிவை எடுங்கள். 1,200 சொற்கள் போதும்.

2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 5(3) பிரிவைப் பாருங்கள். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதி தர வேண்டும் என்கிறது. சேலத்துக்காரர் அன்றாடம் தொடும் மூன்று செயலிகளில் இதைச் சோதியுங்கள்: பஸ் டிக்கெட், நகைச்சீட்டு, ஆஸ்பத்திரி டோக்கன். தமிழ் இருக்கிறதா? எத்தனை முறை தட்டினால் வருகிறது? தகவலை வெளியாருக்குக் கொடுப்போம் என்று ஆங்கிலத்தில் உள்ள வரி தமிழிலும் இருக்கிறதா, நைசாக விட்டுப்போயிருக்கிறதா? ஸ்கிரீன்ஷாட், தேதி, செயலியின் பதிப்பு எண் மூன்றையும் குறித்துவையுங்கள். அடுத்த அப்டேட்டில் பக்கமே மாறிவிடலாம்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. தமிழ் இல்லை, ஆகவே சட்டமீறல் என்று எழுதிவிடாதீர்கள். சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறினாலும், விதிகளோடு அமலாக்க அறிவிக்கை வந்தது 2025 நவம்பரில்தான். அதன்படி நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். 'இப்போதே எவ்வளவு தயார்?' என்று கேட்பதே சரியான கேள்வி.

இன்னொன்று, பழைய மசோதாக்களைக் கலந்து எழுதுவது. தரவை ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச்செல்லும் உரிமை 2019 மசோதாவில் இருந்தது. அந்த மசோதா 2022 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. 2023 சட்டத்தில் அந்த உரிமை கிடையாது. இன்றும் அதை 'நம் உரிமை' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு வரியிலேயே விண்ணப்பம் ஓரம்போகும். பிரிவு எண்ணைச் செய்தியிலிருந்து எடுக்காமல் அரசிதழ் பிடிஎஃப்பிலிருந்தே எடுங்கள்.

கேள்வி: நான் கம்ப்யூட்டர் சயின்ஸ். சட்டம் தெரியாது. எனக்கு இடமுண்டா?
- மாணவர், ஓமலூர்

பதில்: தாராளமாக. ஒரு செயலி என்னென்ன அனுமதி கேட்கிறது, எந்த சர்வருக்கு என்ன அனுப்புகிறது என்று பார்க்கத் தெரிந்தவர் கொள்கை ஆய்வில் குறைவு. எழுத்துப் பயிற்சிக்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் (TRAI) பொதுக்கருத்து கேட்டு வெளியிடும் கலந்தாய்வு அறிக்கை ஒன்றை எடுங்கள். கேள்விகள் எண்ணிட்டிருக்கும். கருத்து சொல்லப் பொதுவாக நான்கு வாரம், எதிர்க்கருத்துக்கு மேலும் இரண்டு வாரம் தருவார்கள். வந்த கருத்துகள் டிராய் இணையதளத்திலேயே கிடைக்கும். ஒரே கேள்விக்கு ஜியோ, ஏர்டெல், நுகர்வோர் அமைப்புகள் என்ன சொன்னார்கள் என்று பக்க எண்ணோடு அட்டவணை போடுங்கள். சேர்ந்தபின் கொடுக்கும் முதல் வேலையும் பெரும்பாலும் இதுதான். முழுப் பத்தியை அப்படியே ஒட்டாமல், ஒவ்வொருவர் நிலைப்பாட்டையும் இரண்டு வரிக்குள் அடக்குங்கள்.

கேள்வி: மகளுக்கு பெங்களூருவில் ஆறு வாரம் கிடைத்திருக்கிறது. எதையெல்லாம் முன்கூட்டிக் கேட்க வேண்டும்?
- ஒரு தந்தை, ஆத்தூர்

பதில்: உதவித்தொகை உண்டா, மாதாமாதமா கடைசியிலா, யார் மேற்பார்வை, வாரத்தில் எத்தனை நாள் நேரில் வர வேண்டும், எழுதியதில் பெயர் வருமா: ஐந்தையும் மகளே மின்னஞ்சலில் கேட்கட்டும், அப்பா வேண்டாம். உதவித்தொகை இல்லாத இடங்களும் உண்டு, அப்போது பி.ஜி. வாடகையும் அட்வான்ஸும் கையைக் கடிக்கும், வீட்டிலிருந்தே செய்ய அனுமதி கேட்கலாம். சான்றிதழுக்குப் பணம் கட்டச் சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கேள்வி: வீட்டிலிருந்தே இன்டர்ன்ஷிப் செய்கிறேன். தமிழக அரசாணைகளைச் சுருக்கித் தரச் சொன்னார்கள். பிடிஎஃப்பிலிருந்து காப்பி எடுத்தால் கன்னாபின்னாவென்று எழுத்துகள் வருகின்றன.
- வாசகி, ஏற்காடு

பதில்: அவை பெரும்பாலும், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் இல்லாமல் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. எந்த எழுத்துரு என்பதை பிடிஎஃப்பின் 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் பார்த்து, அதற்குரிய மாற்றியில் போடுங்கள். ஸ்கேன் செய்த பக்கமென்றால் கூகுள் டிரைவில் ஏற்றி 'டாக்ஸ்' ஆகத் திறந்தால் எழுத்தாகிவிடும். மலையில் நெட் படுத்தும் நாட்களில் பக்கங்களைப் பிரித்து ஏற்றுங்கள். பிறகு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும்: 'ர'வும் துணைக்காலும் இடம்மாறும், தேதியிலும் தொகையிலும் ஓர் இலக்கம் காணாமல் போகும். அடிக்குறிப்பில் அரசாணை (நிலை) எண்ணோடு துறையின் பெயரும் தேதியும் கட்டாயம். ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் தனித்தனியாக எண்ணிடுவதால், வெறும் எண்ணை வைத்து அந்த ஆணையை யாராலும் தேடிப் பிடிக்க முடியாது.