14 வருட சப்போர்ட் வேலையில் என்ன வளர்ந்தேன்?

கேள்வி: மொரிஷியஸில் எபேன் சைபர் சிட்டியில் மென்பொருள் சப்போர்ட் வேலை. வாடிக்கையாளர்கள் எல்லாம் பிரான்ஸில். இந்த வருட அப்ரைசலில் 'உங்கள் வளர்ச்சியை எழுதுங்கள்' என்று ஒரு பக்கம் விட்டிருக்கிறார்கள். மூன்று இரவு உட்கார்ந்தும் ஒரு வரி வரவில்லை. 14 வருடமாகச் செய்ததையே திரும்பச் செய்ததுபோல் இருக்கிறது.
– வாசகி, ரோஸ் ஹில்

பதில்: ஞாபகத்தை நம்பி எழுத உட்கார்ந்தால் யாருக்குமே வராது. ராத்திரி எழுப்பிய போன்தான் மனதில் நிற்கும், சரியாக நடந்தது நிற்காது. பழைய டிக்கெட்டுகளை, அதாவது வாடிக்கையாளர் சொன்ன கோளாறுகளின் பதிவுகளைத் திறங்கள். ஒரே மாதிரிக் கோளாறை முதல் வருடம் எப்படி முடித்தீர்கள், இப்போது எப்படி முடிக்கிறீர்கள் என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நான் அப்படிப் பார்த்ததைச் சொல்கிறேன். பிரான்ஸில் அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை 3 மணியை 2 ஆக்கிவிடுவார்கள். நம் தீவில் 2008-09 கோடையோடு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டோம், அதனால் எனக்கு அது தோன்றவே இல்லை. அன்றைக்கு அங்கே 2:30 இரண்டு முறை வரும். 2:30க்கு ஓடும் எங்கள் பில்லிங்கும் இரண்டு முறை ஓடியது. டிக்கெட்டில் நான் எழுதியிருந்தது: 'இரட்டைப் பதிவுகள் நீக்கப்பட்டன.' அடுத்த வருடமும் அதே வரி! மூன்றாம் வருடம்தான் ஏன் என்று தேடி, நேரத்தை யுடிசிக்கு, அதாவது கோடை, குளிர் என்று மாறாத உலகப் பொது நேரத்துக்கு மாற்றினேன். மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் 2இலிருந்து நேராக 3க்குப் போவதால் 2:30 வரவே வராது, பில்லும் போகாது என்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. அதற்கப்புறம் அந்த டிக்கெட் வரவில்லை.

சப்போர்ட்டில் வளர்ச்சி என்பது, உங்களால் வராமல் நின்றுபோன டிக்கெட்டுகள். அவற்றைத் தேடி எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி போதும்: என்ன நடந்தது, நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள், முன்பு வருடத்துக்கு எத்தனை வந்தது, இப்போது எத்தனை.

வாடிக்கையாளரிடம் பிரெஞ்சு, அறிக்கையில் ஆங்கிலம், குழுவுக்குக் கிரியோல் என்று ஒரே கோளாறை மூன்று மொழியில் விளக்குகிறீர்கள் அல்லவா? அதையும் எழுதுங்கள். இங்கே எல்லோரும் செய்வதுதானே என்று விட்டுவிடாதீர்கள், அது பெரிய திறமை. வாடிக்கையாளர் பெயர், விவரம் மட்டும் வேண்டாம்.

சரி, கடைசியில் இன்னும் நிற்காமல் வந்துகொண்டிருக்கும் டிக்கெட் ஒன்றைக் குறிப்பிட்டு, அதைச் சரிசெய்ய மாதம் இரண்டு நாள் வேண்டும் என்று அந்தப் பக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.