கரும்புகை கேட்கும் கேமராக்கள்

அன்புள்ள ஐயா,

சென்ற அக்டோபரில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் மவுண்ட் வாஷிங்டன் பற்சக்கர ரயிலைப் படமெடுக்கப் போயிருந்தேன். இலையுதிர்கால நிறங்கள் அற்புதம். ஆனால் நீராவி என்ஜின் கரும்புகையே விடவில்லை, எல்லாம் வெள்ளை. ஃபோட்டோஷாப்பில் கறுப்பாக்கினேன். தண்டவாளத்தை இன்னும் நெருங்கியிருக்கலாமோ? எந்த லென்ஸ் சரி? படங்களை இணைத்திருக்கிறேன்.
கார்த்தி

அன்புள்ள கார்த்தி,

மேப்பிள் இலைகளின் பின்னாலிருந்து வெயில் வரும் மூன்றாவது படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படிப் பார்க்கத் தெரிந்த ஒருவர் மற்ற படங்களில் மையைக் கொட்டி வைத்திருக்கிறாரே என்றுதான் கோபம்.

நெருங்கிப் போகவே கூடாது. 1929இல் இதே பாதையில் ஓல்ட் பெப்பர்சாஸ் என்ற பழைய என்ஜின் கட்டுப்பாடிழந்து கீழே ஓடியபோது ஒரு புகைப்படக்காரர் உயிரிழந்தார். லென்ஸ் எதுவானாலும் சரி. என்ஜின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டியைத் தள்ளுவதால், பக்கவாட்டில் நில்லுங்கள், போதும்.

புகைக்கு வருகிறேன். என் சித்தப்பா ரயில்வேயில் ஃபயர்மேனாக, அதாவது என்ஜின் நெருப்புக்குக் கரி போடுபவராக இருந்தவர். அடர்த்தியாகக் கரும்புகை போனால் டிரைவர் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாராம். அந்தப் பார்வைக்குப் பயந்தே தொழில் கற்றதாகச் சொல்வார். புதிதாகக் கரி போட்டதும் கொஞ்ச நேரம் கறுப்பாக வரும், அது இயல்பு. விடாமல் வந்தால் நெருப்புக்குக் காற்று போதவில்லை, கரி முழுசாக எரியவில்லை என்று அர்த்தம். நீராவியாக வேண்டிய வெப்பம் வீணாகப் போகிறது. மெல்லிய சாம்பல் நிறப் புகையோடு அழுத்தம் குறையாமல் ஓட்டுவதுதான் அவர்களுக்குப் பெருமை.

மவுண்ட் வாஷிங்டனில் அது எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள். 1869இல் உச்சிவரை திறக்கப்பட்ட பாதை. ஜேக்கப்ஸ் லேடர் பகுதியில் 100 அடிக்கு 37 அடி ஏற்றம். அந்தச் சரிவில் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கி, நெருப்புப் பெட்டியின் மேல்தகடு காய்ந்துவிடக் கூடாதென்று கொதிகலனையே சாய்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். ஒரு முறை உச்சிக்குப் போய்வர ஏறக்குறைய ஒரு டன் கரியை ஒரு மனிதர் அள்ளிப் போட வேண்டும். அவர் அதைச் சுத்தமாக எரித்துக் காட்டியிருக்கிறார். நீங்கள் ஃபோட்டோஷாப்பில் அவரைக் கற்றுக்குட்டியாக்கிவிட்டீர்கள். இது அநியாயம் இல்லையா?

அப்புறம் அந்த வெள்ளை. நீராவி கண்ணுக்குத் தெரியாது. குளிர்ந்த காற்றில் பட்டு நுண்துளிகளாக மாறிய பிறகே வெண்மேகமாகத் தெரிகிறது. கோடையில் அது சீக்கிரம் கரைந்துவிடும். அக்டோபர் காலைக் குளிரில் மலைச்சரிவு முழுக்கத் தொங்கி நிற்கும். இலைகளைப் போலவே அதுவும் இலையுதிர்காலம் தரும் நிறம்தான். அதைத்தான் நீங்கள் அழித்திருக்கிறீர்கள். எக்ஸ்போஷரை அந்த வெண்மைக்கு வையுங்கள். மடிப்புகள் தெரியட்டும், என்ஜின் இருண்டால் இருண்டுவிட்டுப் போகட்டும்.

கறுப்பாக்காத மூலப் படங்கள் உங்களிடம் இருக்கும். அவற்றை அனுப்புங்கள், தளத்தில் போடுகிறேன். அடுத்த அக்டோபரில் போனால், வண்டி அடிவாரத்தில் நிற்கும்போது அந்த ஃபயர்மேனிடம் கேட்டு அவரையும் ஒரு படம் எடுங்கள். உங்கள் பதினெட்டுப் படங்களில் ஒரு மனித முகம்கூட இல்லை.