பதவிக்கு வந்ததுமே அமைதிப் பரிசு: வாங்குவதா, வேண்டாம் என்பதா?

கேள்வி: "பதவிக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத தலைவர் சர்வதேச அமைதி விருதை ஏற்கலாமா?" இதுதான் எங்கள் கல்லூரி விவாதப் போட்டியின் தலைப்பு. 'ஏற்கக் கூடாது' அணியில் நான் பேசுகிறேன். 2009-ல் ஒபாமா நோபல் பரிசை மறுத்திருக்க முடியுமா? எந்த வாதம் மேடையில் நிற்கும்?

பதில்: மறுத்திருக்கலாம், தடை ஏதும் இல்லை. ஆனால் சத்தமில்லாமல் மறுக்க வழி கிடையாது. நோபல் குழு யாரிடமும் முன்கூட்டியே சம்மதம் கேட்பதில்லை. 2009 அக்டோபர் 9 அன்று ஓஸ்லோவில் பெயரை அறிவித்தபோது வாஷிங்டனில் இன்னும் விடியவில்லை. தூங்குகிறவரை எழுப்ப வேண்டாம் என்று நினைத்து, குழு ஒபாமாவுக்கு முன்தகவல்கூடச் சொல்லவில்லை. பரிசு கிடைத்த சேதியையும் வீட்டு நாய்க்கு அன்று பிறந்தநாள் என்பதையும் மகள் மாலியா ஒரே மூச்சில் வந்து சொன்னதாக, அன்று செய்தியாளர்களிடம் அவரே சொன்னார். அதாவது, முடிவு அவர் கைக்கு வருவதற்குள் உலகத்துக்கே சேதி போய்விட்டது. அதற்கு மேல் 'வேண்டாம்' என்றால் யாரும் அதைத் தன்னடக்கமாகப் பார்க்க மாட்டார்கள்; குழுவின் முகத்தில் அடித்ததாகத்தான் பேசுவார்கள்.

மறுத்தாலும் பட்டியலில் இருந்து பெயர் போகாது. 1973-ல், வியட்நாம் போர்நிறுத்த ஒப்பந்தத்தைப் பேசி முடித்த வட வியட்நாமின் லே டக் தோவுக்கும் அமெரிக்காவின் கிஸ்ஸிங்கருக்கும் சேர்த்துப் பரிசு அறிவித்தார்கள். தென் வியட்நாமில் உண்மையான அமைதி இன்னும் வரவில்லை என்று சொல்லி லே டக் தோ மறுத்தார். அமைதிப் பரிசை மறுத்தவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். ஆனாலும் பரிசு பெற்றவர்கள் வரிசையில் அவர் பெயர் இன்றும் இருக்கிறது. கிஸ்ஸிங்கர் ஏற்றுக்கொண்டார், ஆனால் விழாவுக்குப் போகவில்லை, தூதர்தான் வாங்கினார். 1975-ல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வட வியட்நாமிடம் விழுந்ததும் பரிசைத் திருப்பித் தர முயன்றார். குழு வாங்க மறுத்துவிட்டது. கொடுத்ததைத் திரும்பப் பெறும் விதியே நோபலில் இல்லை.

சரி, இப்போது வாதத்துக்கு வருவோம். "பதவியேற்ற 12-வது நாளே பரிந்துரைக் கெடு முடிந்துவிட்டது, அதற்குள் என்ன சாதித்திருப்பார்?" என்று ஆரம்பிக்காதீர்கள். எல்லோரும் அங்கேதான் போய் விழுகிறார்கள். பரிந்துரைக்குத்தான் பிப்ரவரி 1 கெடு. பெயரைத் தேர்ந்தெடுத்தது இலையுதிர்காலத்தில். நடுவில் ஏப்ரலில், அணு ஆயுதமற்ற உலகம் பற்றி ஒபாமா பிராகாவில் பேசிவிட்டார். குழு தன் காரணங்களில் அந்தக் கனவைக் குறிப்பிட்டிருக்கிறது. எதிரணி இதை ஒரு நிமிடத்தில் உடைத்துவிடும்.

சட்ட வாதமும் எடுபடாது. அந்நிய அரசிடம் பரிசு வாங்க அமெரிக்க அரசியல் சாசனம் தடை போடுகிறது, உண்மைதான். ஆனால் நோபல் குழு அந்நிய அரசு ஆகாது என்று அமெரிக்க நீதி அமைச்சகம் 2009 டிசம்பரில் கருத்து தந்துவிட்டது. பதவியில் இருக்கும்போதே 1906-ல் வாங்கிய தியோடர் ரூஸ்வெல்ட்டின் முன்னுதாரணமும் உண்டு. பணத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஒபாமா அதை முழுதாக அறக்கொடையாகக் கொடுத்துவிட்டார்.

நிற்கும் வாதம் வேறு. செய்து முடித்த காரியத்துக்குத் தரும் பரிசு ஒரு வகை. இனிமேல் செய்வார் என்று நம்பித் தருவது இன்னொரு வகை. இரண்டாவதை வாங்குகிறவர், தான் போகும் பாதைக்கு முன்கூட்டியே நற்சான்று வாங்கிக்கொள்கிறார். எத்தியோப்பியாவைப் பாருங்கள். அபிய் அகமது 2018 ஏப்ரலில் பிரதமரானார், அந்த ஜூலையிலேயே அண்டை நாடான எரித்ரியாவுடன் சமாதானம் செய்தார், 2019-ல் பரிசு வந்தது. எல்லைக்கோடு அப்போதும் தரையில் வகுக்கப்படவில்லை. 2020 நவம்பரில் எத்தியோப்பியாவின் வடக்கே உள்ள டிக்ரே பகுதியில் போர் வெடித்தது. அதே எரித்ரியப் படை அவர் பக்கம் நின்று போரிட்டது. பரிசைப் பறிக்க முடியாத குழு, போரை நிறுத்தும் தனிப் பொறுப்பு அவருக்கு உண்டு என்று 2022 ஜனவரியில் அறிக்கை விட்டது. அவ்வளவுதான் அதனால் முடிந்தது. உங்கள் பேச்சின் நடுப்பகுதியை இதற்கே ஒதுக்குங்கள்.

எதிரணி கொலம்பியாவைக் கொண்டுவரும். 2016-ல் சமாதான ஒப்பந்தத்தை மக்கள் வாக்கெடுப்பில் தோற்கடித்த அதே வாரத்தில் அந்நாட்டு அதிபர் சான்டோஸுக்குப் பரிசு கிடைத்தது. நவம்பரிலேயே திருத்திய ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆக, 'சீக்கிரம் வந்த பரிசு' உதவியது என்பார்கள். பதில் சுலபம்: சான்டோஸ் அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் கிளர்ச்சிப் படையுடன் பேச்சு நடத்தியவர். பதவியின் வயதை எண்ணாதீர்கள், வேலையின் வயதை எண்ணுங்கள்.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், ஒபாமாவிடம் நான் 'வாங்குங்கள்' என்றுதான் சொல்லியிருப்பேன். எதிரணிக்கு நான் ஆள் சேர்ப்பதாக நினைக்க வேண்டாம். மறுப்பதால் வரும் மனக்கசப்பு நிச்சயம், லாபம் சந்தேகம். ஆனால் அவர் பக்கமே தயக்கம் இருந்தது. யாராவது விழாவுக்கு வராமல் இருந்ததுண்டா என்று வெள்ளை மாளிகைத் தரப்பு விசாரித்ததாகக் குழுவின் முன்னாள் செயலாளர் லுண்டெஸ்டாட் 2015-ல் எழுதினார். குழு எதிர்பார்த்த பலனும் அந்தப் பரிசால் வரவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். உங்கள் அணிக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

அப்புறம், ஒபாமாவின் ஓஸ்லோ உரை. ஆப்கானிஸ்தானுக்கு மேலும் 30,000 வீரர்களை அனுப்புவதாக அறிவித்து ஒன்பதே நாளில், டிசம்பர் 10 அன்று, மேடையேறினார். பரிசைச் சுற்றிய சர்ச்சையை ஆரம்பத்திலேயே தொட்டார். மண்டேலா போன்றோர் முன் தன் சாதனை சிறியது என்றார். தான் அனுப்பும் வீரர்களில் சிலர் கொல்வார்கள், சிலர் சாவார்கள் என்பதையும் மறைக்கவில்லை. அபிய் பத்தாண்டு கழித்து அதே ஊருக்கு வந்தபோது செய்தியாளர் சந்திப்பையே தவிர்த்தார். ஒபாமா தரப்புக்கு வாதாட அந்த ஓஸ்லோ உரையைவிட நல்ல ஆயுதம் இல்லை, எதிரணியில் யாராவது நிச்சயம் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த உரையை முழுசாகப் படித்துவிட்டு மேடையேறுங்கள்.