தடம் பிடிக்கும் ஓட்டம்: வர விரும்புகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

உச்சிப்புளியை ஒட்டி ஞாயிறுதோறும் காலையில் கூடி ஓடுகிறோம். புதிதாக வர விரும்புகிறவர்கள் கேட்டவற்றுக்கு, தடம் போடுகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

மண்டபம், ஓர் ஆசிரியை: நான் மெதுவாகத்தான் ஓடுவேன். பாதியில் தனியாக விட்டுவிட்டுப் போய்விடுவீர்களா?

மாட்டோம் அம்மா. இந்த விளையாட்டில் அதற்கு இடமே இல்லை. 'முயல்' என்று நாங்கள் அழைக்கும் இருவர் முன்னதாகவே போய் மாவைத் தூவித் தடம் போட்டு வைப்பார்கள். ஆங்காங்கே தடம் ஒரு வட்டத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. வேகமானவர்கள் நாலா பக்கமும் ஓடித் தேடுவார்கள்; ஏமாற்றுவதற்காகப் போட்ட பொய்த்தடத்தில் போய்த் திரும்புவார்கள். அதற்குள் நீங்கள் நடந்தே வந்து சேர்ந்துவிடலாம். சரியான தடத்தைக் கண்டவர் 'ஆன் ஆன்' என்று கூவுவார். எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவோம். 1938இல் கோலாலம்பூரில் கிஸ்பர்ட் என்ற ஆங்கிலேயரும் நண்பர்களும் தொடங்கிய 'ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்' ஓட்டத்தின் முறை இது. முதலில் வந்தவர் யார் என்று நாங்கள் குறித்து வைப்பதில்லை. கடைசி ஆள் வெகுநேரம் பிந்தினால், குறை அவர் காலில் இல்லை, போட்ட தடத்தில்தான்.

கீழக்கரை, கல்லூரி மாணவர்: வெள்ளை மணலில் மாவு தெரியுமா?

தெரியாது தம்பி. தெரிந்தாலும் காற்று விடாது. ஈர மணலில் காவிப்பொடி கலந்த மாவைப் போடுகிறோம். மேட்டு மணலில் பனையோலைக் கீற்றைச் செடியில் முடிந்து வைப்போம்; கடைசியில் வருபவர் அவிழ்த்து எடுத்து வந்துவிடுவார். கண்மாய்க் கரையின் கருமண்ணில் வெறும் மாவே போதும். காகிதத் துண்டு போடும் பழைய வழக்கம் இங்கே வேண்டவே வேண்டாம். அத்தனையும் கடலுக்குள் போய்விடும்.

எந்தக் கரை என்பதைக் காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் மணல் முகத்தில் அறையும். அப்போது பாக் நீரிணைப் பக்கம் அரியமான். வடக்கிலிருந்து வாடை தொடங்கினால் தெற்கே சேதுக்கரை.

இன்னொன்று. 2007இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் இப்படி ஓடியவர்கள் தூவிய மாவைக் கண்டு, விஷப்பொடி என்று போலீஸ் திரண்டுவிட்டது. நம்முடையது எல்லைக் கடற்கரை. ஊர்த் தலைவரிடமும் கடலோரக் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லாமல் ஒரு பிடி மாவும் தூவ மாட்டோம்.

பெரியபட்டினம், கடைக்காரர்: வெறுங்காலோடு ஓடலாமா?

வேண்டாம். சீமைக் கருவேல முள் ஷூவின் அடியையே துளைக்கும். குத்தினால் உடனே நின்று கழற்றிப் பாருங்கள். முனை ஒடிந்து உள்ளே தங்கினால் சீழ் பிடிக்கும். மணல் மேட்டில் ராவணன் மீசைப் புல் இருக்கிறது. கரையில் தூண்டில் முள்ளும் ஒதுங்கிய சொறி என்ற ஜெல்லி மீனும் கிடக்கும்.

இராமநாதபுரம், ஒரு தாய்: மகளை அனுப்பலாமா? ஓட்டம் முடிந்ததும் குடிப்பார்களாமே?

தாராளமாக அனுப்புங்கள், நீங்களும் வாருங்கள். கோலாலம்பூரில் தொடங்கியபோது அது ஆண்கள் மட்டுமே ஓடிய கூட்டம். ஓட்டம் முடிந்ததும் பீர் குடிப்பார்கள். பல ஊர்களில் அந்தப் பீர் வழக்கம் இன்றும் உண்டு. எங்களிடம் இல்லை. பருவத்தில் பதநீர், மற்ற நாளில் மோர்.

பாம்பன், படகுக்காரர் மகன்: தீவில் ஒருநாள் ஓடினால் என்ன?

கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க முடியாது.

பரமக்குடி, வங்கி ஊழியர்: தனுஷ்கோடியில் தடம் போடுவீர்களா?

சாலையோரமாக ஓடியிருக்கிறோம். 1964 புயலில் இடிந்த கட்டடங்களுக்குள் மட்டும் தடம் போவதில்லை. அங்கே மாண்டவர்களின் உறவினர் இன்னும் இருக்கிறார்கள். பொய்த்தடம் தேடிக் கூவுகிற இடம் அது அல்ல. சனவரி முதல் ஆமை முட்டையிடும் காலம் என்பதால் மேட்டு மணலிலும் கால் வைப்பதில்லை. எந்தக் கரையானாலும், பெண்கள் காயவைத்த கடற்பாசியையும் விரித்த வலையையும் சுற்றித்தான் போக வேண்டும். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால் கயிற்றைத் தாண்டாதீர்கள், நில்லுங்கள். கைகொடுக்கக் கூப்பிட்டால் ஓட்டத்தை விட்டுவிட்டு இழுங்கள், நாங்கள் காத்திருப்போம்.