வரத்துக்காலா, வடிகாலா? கால் ரத்த ஓட்டம் பற்றிச் சில கேள்விகள்

அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் புண் கட்டும் அறையில் கழிந்தது. ஓய்வுபெற்றுக் காரைக்குடியில் வந்து உட்கார்ந்த பிறகும் கேள்விகள் ஓயவில்லை. "காலுக்கு ரத்த ஓட்டம் சரியில்லை, என்ன செய்வது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்த ஒரு வரிக்குள் ஐந்தாறு நோய்கள் இருக்கின்றன, ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றைக் கெடுக்கும்.

நம் ஊர் ஊருணியை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக்கால் தூர்ந்தால் ஊருணி வறண்டுவிடும். வடிகால் அடைபட்டால் தண்ணீர் தேங்கிக் கரையை அரிக்கும். பாதத்தின் கதையும் இதுதான். இதயத்திலிருந்து ரத்தத்தை இறக்கிக் கொண்டுவரும் தமனி அதன் வரத்துக்கால், திரும்ப மேலே ஏற்றும் சிரை அதன் வடிகால். வாய்க்காலுக்கும் உடம்பின் காலுக்கும் நம் மொழியில் ஒரே சொல்தான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (தேவகோட்டை, 61 வயது, ஆண்): சிஸ்டர், காலையில் கோயிலுக்கு நடக்கும்போது பாதி வழியில் இடது கெண்டைக்கால் இறுகிக் கல்லாகிவிடுகிறது. ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையோரம் நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் சரியாகிறது. மறுபடி அதே தூரம் நடந்தால் அதே வலி. சர்க்கரை இல்லை. சிகரெட் நாளைக்கு ஏழெட்டு. வயதுதான் காரணம் என்கிறாள் மனைவி.

பதில்: ஐயா, வயதின் மேல் பழியைப் போட வேண்டாம். குறிப்பிட்ட தூரம் நடந்தால் வருவதும், நின்றால் அடங்குவதும், மறுபடி அதே தூரத்தில் வருவதும் வரத்துக்கால் சுருங்கியதற்கான பழைய அடையாளம். நடக்கும் தசைக்கு ரத்தம் கூடுதலாக வேண்டும். கொழுப்புப் படிந்து குறுகிய தமனியால் அதைத் தர முடியவில்லை, அதனால் தசை இறுகுகிறது. முதுகுத்தண்டுக் கோளாறிலும் இதுபோல வலி வரும். ஆனால் அது வெறுமனே நின்றால் போகாது, உட்கார்ந்து முன்னால் குனிந்தால்தான் அடங்கும். உங்களுக்கு நின்றாலே போகிறது என்பதைக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள், அதுவே பாதி நோயைச் சொல்லிவிட்டது.

இன்று மாலை இரண்டு கால்களையும் நீட்டி உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். இடது காலில் முடி உதிர்ந்து தோல் பளபளக்கிறதா? தொட்டால் மற்றதைவிடச் சில்லென்று இருக்கிறதா? பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேராகப் புறங்காலின் நடுவில் இரண்டு விரல்களை மெதுவாக வையுங்கள். நாடி துடிக்க வேண்டும். உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் உள்ள குழியிலும் துடிக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் உங்கள் விரலின் துடிப்பையே அங்கே துடிப்பதாக நினைத்துவிடுவீர்கள். சில நல்ல கால்களில்கூடப் புறங்கால் நாடி பிறவியிலேயே கைக்குக் கிடைப்பதில்லை, அதனால் அது ஒன்றை மட்டும் வைத்துப் பயப்படவும் வேண்டாம்.

மருத்துவரிடம் போய்க் கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிடச் சொல்லுங்கள். கையில் 140, கணுக்காலில் 98 என்றால் 98-ஐ 140-ஆல் வகுக்க 0.70 வரும். 1.0 முதல் 1.4 வரை இருந்தால் நல்லது. 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் தமனி சுருங்கியிருக்கிறது என்று பொருள். 1.4-ஐத் தாண்டினாலும் மகிழ வேண்டாம். நெடுநாள் சர்க்கரைக்காரர்களுக்குத் தமனிச் சுவர் சுண்ணாம்பாக இறுகி, கருவி பொய்யாகக் கூட்டிக் காட்டும்.

இனி வைத்தியம். நடந்தால் வலிக்கிறது என்று நடையை விட்டுவிடுகிறார்கள். இந்த நோய்க்கு நடைதான் மருந்து. வலி தொடங்கியதும் நின்றுவிடாதீர்கள். நடுத்தரமாக ஏறும்வரை நடந்து, முழுவதும் அடங்கும்வரை நின்று, மறுபடி நடங்கள். முதலில் மொத்தம் அரை மணி நேரம், பிறகு மெல்ல முக்கால் மணி. வாரத்தில் மூன்று நாளாவது வேண்டும். 12 வாரங்கள் விடாமல் செய்தவர்கள் முன்பு நின்ற இடத்தைத் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். கால் தமனியில் படிந்த கொழுப்பு இதயத் தமனியை மட்டும் விட்டுவைக்காது, அதனால் தொடங்குமுன் ஈசிஜி எடுத்துவிடுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்துங்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். அடுத்த வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிப் போட வேண்டாம்.

சிகரெட்டைக் குறைக்கிறேன் என்று சொல்லாதீர்கள் ஐயா. ஏழு நான்கானாலும் தமனிக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. முழுவதும் விட வேண்டும். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் புகையிலையை விட வழி சொல்கிறார்கள்.

கேள்வி (திருப்பத்தூர் அருகே, 34 வயது, ஆண்): பீடி பழக்கம் 15 வருடமாக. வலது கால் இரண்டாவது விரல் நுனி கறுத்துவிட்டது. இரவில் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால்தான் தூக்கம் வருகிறது.

பதில்: தம்பி, இதைப் படித்து முடித்ததும் கிளம்புங்கள். ரத்தநாள அறுவைச் சிகிச்சை மருத்துவர் இருக்கும் இடமாக, மதுரைக்கோ திருச்சிக்கோ போங்கள். படுத்தால் வலியும் தொங்கவிட்டால் சுகமும் என்றால், ஓய்வில்கூட அந்தப் பாதத்துக்கு ரத்தம் போதவில்லை என்று பொருள். இளம் வயதுப் புகையிலைக்காரர்களுக்கு வரும் பர்ஜர் நோய் என்று ஒன்று உண்டு. கை கால்களின் சிறிய ரத்தக்குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்ளும். அதில் காலைக் காப்பாற்றுவது பீடியை அடியோடு விடுவதுதான். வாயில் அடக்கும் புகையிலையும் ஆகாது. உங்கள் வயதில் விரலில் தொடங்கி முழங்கால்வரை இழந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

கேள்வி (காரைக்குடி, 46 வயது, பெண்): பலகாரக் கடையில் வேலை. காலை ஐந்து மணி முதல் அடுப்படியில் நின்று தேன்குழலும் அதிரசமும் சுடுகிறோம். மாலையில் கால் கனத்து வீங்குகிறது. கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகச் சுருண்டு நிற்கிறது. கணுக்கால் பக்கம் தோல் கறுத்து அரிக்கிறது. இறுக்கமான காலுறை போடலாமா?

பதில்: உங்களுடையது வடிகால் கோளாறு, அம்மா. நீங்கள் நரம்பு என்று சொல்வது சிரை. அதற்குள் ரத்தம் கீழே வழியாமல் தடுக்கும் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. நாள் முழுக்க நின்றால் அவை தளர்ந்து, ரத்தம் கணுக்காலில் தேங்கும். கறுப்பும் அரிப்பும் அந்தத் தேக்கத்தால்தான். சொறிந்து தோல் கிழிந்தால் உள்கணுக்காலுக்கு மேலே மாதக்கணக்கில் ஆறாத புண் வரும்.

சிரை ரத்தத்தை மேலே தள்ளும் பம்பு கெண்டைக்கால் தசைதான். அசையாமல் நின்றால் அது வேலை செய்யாது. ஒரு ஈடு எண்ணெயில் வேகும் நேரத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், இருபது முறை. சூடான எண்ணெய்ப் பக்கம் என்பதால் முதலில் ஓர் அடி பின்னால் தள்ளி, சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் படுத்து, பாதம் நெஞ்சுக்கு மேல் உயரும்படி தலையணை அடுக்கிக் கால் மணி நேரம் வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் கால் நீட்டுவது போதாது.

காலுறை போடலாம், நல்ல பலன் தரும். ஆனால் அதற்கு முன் தமனி நன்றாக இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும். வரத்துக்கால் சுருங்கிய காலில் இறுக்கமான உறை போட்டால், வருகிற கொஞ்ச ரத்தத்தையும் நெரித்துவிடும். முதல் கேள்வி கேட்டவரும் நீங்களும் ஒரே கடையில் ஒரே காலுறை வாங்கினால் உங்களுக்கு அது மருந்து, அவருக்கு ஆபத்து. உறையை எழுந்தவுடன், வீக்கம் வருமுன் போட்டுவிட வேண்டும். தூங்கும்போது கழற்றிவிடலாம்.

சுருண்ட சிரை சில நேரம் வெடித்து ரத்தம் பீய்ச்சும். பதறி எழுந்து நிற்காதீர்கள். உடனே படுத்து, காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும். உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தால் உயிருக்கே ஆபத்தாகும்.

கேள்வி (சிங்கப்பூரிலிருந்து, அம்மா கானாடுகாத்தானில்): அம்மாவுக்கு 74 வயது, சர்க்கரை 20 ஆண்டுகளாக. பாதம் சில்லிட்டு மதமதவென்று இருக்கிறது என்கிறார். சுடுதண்ணீர்ப் பை வாங்கி அனுப்பட்டுமா?

பதில்: அனுப்பாதீர்கள். ஓர் ஆச்சி நினைவுக்கு வருகிறார். மார்கழிக் குளிரில் ஆத்தங்குடித் தளம் சில்லென்று இருக்கிறதென்று பாதத்துக்குச் சுடுதண்ணீர்ப் பை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். காலையில் பாதத்தின் தோல் காய்ச்சிய பாலின் ஆடைபோல உரிந்து வந்தது. அவருக்கு ஒரு பொட்டு வலி இல்லை. "எரிச்சலே இல்லையே, பெரிதாக ஒன்றும் இருக்காது" என்று என்னிடம் சொன்னார். அந்தப் புண் ஆற ஐந்து மாதம் ஆனது.

சர்க்கரையில் உணர்வு நரம்பும் கெடுகிறது, தமனியும் கெடுகிறது. நரம்பு கெட்டதால் சூடு தெரியாது. தமனி கெட்டதால் வந்த புண் ஆறாது. அம்மாவுக்குத் தளர்வான பருத்திக் காலுறை போதும். கால் கழுவும் தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்க்கட்டும். தேங்காய் எண்ணெய் தடவலாம், விரல் இடுக்குகளில் மட்டும் வேண்டாம், அங்கே ஈரம் நின்று பூஞ்சை வரும்.

இன்னொன்றும் உண்டு. பாதம் சில்லிடுவதெல்லாம் ரத்தக்குழாய் அடைப்பாகாது. ரத்தசோகையும் தைராய்டு குறைவும் அதே குளிர்ச்சியைத் தரும். மதமதப்புக்கு பி12 குறைவும் காரணமாகலாம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கும், கவிச்சி தொடாதவர்களுக்கும் அது குறையும். இவற்றை ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம்.

கேள்வி (பள்ளத்தூர், 52 வயது, ஆண்): வருடந்தோறும் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறேன். போன வருடத்திலிருந்து சர்க்கரை. வெறுங்காலோடு போகலாமா?

பதில்: வேண்டுதலைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை, பாதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கிளம்ப ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் பாத உணர்வையும் நாடியையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் சரியாக இருந்து, பழைய புண் எதுவும் இல்லை என்றால் நடக்கலாம், ஆனால் செருப்போடு. உணர்வு குறைந்திருந்தால் வெறுங்கால் கூடவே கூடாது. சாலை கொதிப்பதும் தெரியாது, முள் ஏறியதும் தெரியாது. நம் பக்கம் சீமைக்கருவேல முள் செருப்பையே துளைத்துவிடும். ஒருவர் இருமலுக்கு வந்தார். பெஞ்சுக்கடியில் கழற்றிப் போட்ட செருப்பை நான் தற்செயலாகப் புரட்டியபோது உள்பக்கம் ஒரு முள் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. பாதத்தில் அதற்கு நேராகச் சீழ் கட்டியிருந்தது. எத்தனை நாள் அதன்மேல் நடந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. ஒவ்வொரு இரவு தங்கலிலும் பாதத்தை விளக்கில் காட்டிப் பாருங்கள். கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள்.

கேள்வி (ஆத்தங்குடி, 39 வயது, ஆண்): தளக்கல் வேலை. குந்தி உட்கார்ந்தே வேலை செய்கிறேன். எழுந்தால் கால் மரத்துப் போகிறது. வலது பாதத்தைத் தூக்கினால் சரியாக எழும்பவில்லை. ரத்தம் போகவில்லையா?

பதில்: ரத்தம் போகிறது, நரம்புதான் நசுங்குகிறது. முழங்காலுக்கு வெளிப்பக்கம் எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. நெடுநேரம் குந்தினால் அது அமுங்கிப் பாதம் தொங்கும். பாதம் எழும்பவில்லை என்றால் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். குந்துவதை நிறுத்திக் குட்டை முக்காலியில் உட்காருங்கள்.

கேள்வி (காரைக்குடி, பெண்): சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. அப்பச்சிக்கு ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறது, கெண்டையில் வலி. ஆயா தைலம் தேய்க்கிறார்.

பதில்: தேய்ப்பதை இப்போதே நிறுத்துங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினால், அதுவும் நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்த பயணத்துக்குப் பின் என்றால், ஆழத்துச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்த்தால் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடும். இன்றே டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் 108-ஐ அழையுங்கள். இதேபோல ஒரு கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, தாங்க முடியாமல் வலித்து, அசைக்க முடியாமல் போனால் தமனியில் திடீர் அடைப்பு. அதற்குக் கையில் இருப்பது ஏறக்குறைய ஆறு மணி நேரம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கேள்வி (கோட்டையூர், பெண்): பூண்டு, பீட்ரூட் சாப்பிட்டால் அடைப்பு கரையுமா?

பதில்: கரையாது. சாப்பிடுங்கள், சமையலுக்கு நல்லது. ஆனால் பூண்டு மாத்திரையை ரத்தம் உறையாமைக்கான மருந்தோடு சேர்த்து எடுக்காதீர்கள், ரத்தக் கசிவு கூடும். வற்றல், அப்பளம், ஊறுகாய் உப்பைக் குறைத்தால் ரத்த அழுத்தமும் கால் வீக்கமும் குறையும்.

கேள்வி (கண்டனூர், 68 வயது, பெண்): தினமும் பாதத்தைப் பார்க்கச் சொல்கிறீர்கள். எனக்கு முழங்கால் மடங்காது, பெரிய வீட்டில் தனியாக இருக்கிறேன்.

பதில்: ஆச்சி, கைக்கண்ணாடி ஒன்றைத் தரையில் சுவரோரம் சாய்த்து வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தை அதன்மேல் தூக்கிப் பிடியுங்கள். பட்டாலையில் பகல் வெளிச்சம் விழும் இடமாகப் பாருங்கள். கண் மங்கல் என்றால், வேலைக்கு வரும் பெண்ணிடமோ, சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியரிடமோ பாதத்தைக் காட்டுங்கள், கூச்சம் வேண்டாம். சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான் கட்டிய புண்களில் நிறைய அந்த இடுக்கில்தான் தொடங்கின.